பனிக்கட்டிக்குப் பச்சைப் போர்வை

1942 மார்ச். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த குறி அலாஸ்காவாக இருக்கலாம் என்று வாஷிங்டன் பயந்தது. கனடா வழியாக அலாஸ்காவுக்கு அவசரமாக ஒரு சாலை போடும்படி ராணுவப் பொறியாளர்களுக்கு உத்தரவு போனது. சுமார் பத்தாயிரம் சிப்பாய்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பனியையே பார்த்திராத தென் மாநிலங்களின் கறுப்பர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். தூரம் சுமார் 2,400 கி.மீ. எட்டே மாதத்தில் பாதை திறந்துவிட்டார்கள் என்பது இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை. நடுவில் சேற்றில் மாட்டிக்கொண்ட வாரங்கள் அந்தப் பெருமையில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை.

புல்டோசர் ஓட்டிகளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். மரம், செடி, பாசி எல்லாவற்றையும் வழித்து ஓரமாகத் தள்ளு. கெட்டி மண் தென்பட்டதும் அதன் மேல் சாலை போடு. வடக்கே போகப் போக மண் பாறை மாதிரி கெட்டியாகவே இருந்தது. ஆனால் சில நாள் வெயில் பட்டதும் அதே மண் களியாகக் குழைந்தது. களியை வழித்தால் அடியில் மறுபடி கெட்டி மண். அதுவும் வெயில் பட்டதும் களி. லாரிகள் அச்சு வரை புதைந்தன. வழிக்க வழிக்கப் பள்ளம்தான் ஆழமானதே தவிர சாலை வரவில்லை. கடைசியில் முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். பாசியைத் தொடாமல் விட்டு, அதன் மேல் மரங்களை வரிசையாக அடுக்கி, அதற்கு மேல் சரளைக் கல்லைக் கொட்டினார்கள். சாலை நின்றது.

குப்பை என்று வழித்து எறிந்த அந்த ஈரப் பாசிதான் அதுவரை அடிமண்ணை உருகவிடாமல் காத்துவந்தது என்பது அந்தக் கோடையில் பல பொறியாளர்களுக்குப் புதுச் செய்தி. சைபீரியாவில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டியவர்களுக்கு அது பழைய செய்தி.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பாடம் வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை புல்டோசர் இல்லை. வட துருவத்தைச் சுற்றியுள்ள மரமற்ற சமவெளியான துந்திராவின் பச்சை மூடி தானாகவே மாறிக்கொண்டிருக்கிறது. பாசியும் புல்லும் இருந்த இடத்தில் புதர்கள் வளர்கின்றன. அடியில் இருக்கும் பனிக்கட்டிக்கு இது நல்லதா, கெட்டதா? கேட்க எளிதான இந்தக் கேள்விக்கு, முப்பது ஆண்டுகளாக மண்ணுக்குள் கம்பியைக் குத்திப் பார்த்துவருபவர்களிடமும் ஒற்றை வார்த்தையில் பதில் இல்லை.

முதலில் அந்தப் பனிக்கட்டி நிலத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் அதற்கு 'பெர்மாஃப்ராஸ்ட்' என்று பெயர். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சைமன் முல்லர் என்ற புவியியல் அறிஞர், 1943இல் ராணுவத்துக்காக எழுதிய கையேட்டில் உருவாக்கிய சொல் அது. ரஷ்ய மொழியில் ஏற்கெனவே இருந்த சொல்லுக்கு 'நித்திய உறைவு' என்று பொருள். முல்லர் 'நித்திய'த்தைச் சுருக்கி, 'உறைவு' என்பதோடு ஒட்டவைத்தார். தமிழில் சிலர் இதை 'நிரந்தர உறைபனி' என்கிறார்கள். சொல்லின் இரண்டு பாதிகளும் ஏமாற்றுபவை. அது நிரந்தரம் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அது பனியும் இல்லை: மண், மணல், பாறை, மக்கிய வேர், எதுவாகவும் இருக்கலாம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தால் போதும், அது பெர்மாஃப்ராஸ்ட். உறைநிலம் என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

ரஷ்யாவின் சகா குடியரசுத் தலைநகரான யாகூத்ஸ்க் முழுக்க முழுக்க இந்த உறைநிலத்தின் மேல் நிற்கிறது. அங்கே ஃபியோதர் ஷெர்கின் என்பவர் குடிதண்ணீருக்காக 1828இல் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை தோண்டினார். 116 மீட்டர் ஆழம் போயும் மண் உறைந்தேதான் இருந்தது, தண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தத் தோல்வி விஞ்ஞானத்துக்குக் கிடைத்த கொடை. உறைநிலத்தின் வெப்பநிலையை ஆழம் ஆழமாக அளக்க உலகுக்குக் கிடைத்த முதல் வாய்ப்புகளில் ஒன்று ஷெர்கினின் வறண்ட கிணறு. சைபீரியாவின் சில பகுதிகளில் உறைநிலம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போகிறது.

ஒவ்வொரு கோடையிலும் இந்த நிலத்தின் மேல்தோல் மட்டும் இளகும்: சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல். செடிகள் வேர் விடுவதும் புழு பூச்சிகள் பிழைப்பதும் அந்த மேல்மண்ணில்தான். குளிர்காலத்தில் மறுபடி உறைந்துவிடும். அந்த இளகும் மண் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறதா என்பதுதான் எல்லாரும் கவனிக்கும் கணக்கு. ஏனென்றால் அதற்குக் கீழே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடக்கும் செடி, வேர், விலங்குகளின் எச்சம் எல்லாம் இருக்கின்றன. வட உறைநிலப் பகுதியின் மண்ணில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கார்பன் சுமார் 1,46,000 கோடி முதல் 1,60,000 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல இரு மடங்கு. உருகினால் நுண்ணுயிர்கள் விருந்துண்ணத் தொடங்கும். கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியேறும்.

ஆக, மூடி முக்கியம். அது எப்படி வேலை செய்கிறது?

ஃபிரிட்ஜ் வராத காலத்தில் ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு விற்றவர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியும். துந்திராவின் பாசிப் படுகை அந்த மரத்தூள் மாதிரி. கோடையில் மேல்பரப்பு காய்ந்து, இடுக்குகளில் காற்று நிறைந்துவிடும். வெப்பம் கீழே இறங்க முடியாது. ஆனால் பாசி மரத்தூளைவிடக் கெட்டிக்காரத்தனமானது. இலையுதிர் காலத்து மழையில் அது ஊறிக் கனக்கும். பிறகு அப்படியே உறையும். தண்ணீரைவிடப் பனிக்கட்டி ஏறக்குறைய நான்கு மடங்கு சுலபமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே குளிர்காலத்தில் அதே பாசி கதவைத் திறந்துவிடுகிறது. மண்ணில் மிச்சமிருக்கும் வெப்பம் வெளியேறுகிறது. கோடையில் மூடி, குளிரில் திறக்கும் போர்வை. பல இடங்களில் காற்றின் சராசரி வெப்பநிலை அனுமதிப்பதைவிட அதிகக் காலம் உறைநிலம் தாக்குப்பிடிப்பது இந்தப் போர்வையின் தயவில்தான்.

இப்போது அந்தப் போர்வைக்கு மேல் புதர் முளைக்கிறது. இதை முதலில் கண்ணுக்குக் காட்டியவை பழைய புகைப்படங்கள். 1940களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, எண்ணெய் தேடும் வேலைக்காக வட அலாஸ்காவை விமானத்திலிருந்து ஆயிரக்கணக்கில் படமெடுத்து வைத்திருந்தது. மேத்யூ ஸ்டர்ம், சார்லஸ் ரசீன், கென் டேப் ஆகிய மூவரும் 1999, 2000 ஆண்டுகளில் ஹெலிகாப்டரில் ஏறி, அதே மலைச்சரிவுகளை, அதே ஆற்று வளைவுகளை, அதே கோணத்திலிருந்து மறுபடி படமெடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட ஜோடிகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புள்ளி புள்ளியாக இருந்த ஆல்டர் புதர்கள் பெருத்து, ஒன்றோடொன்று கைகோத்துச் சரிவுகளை அடைத்திருந்தன. 2001இல் 'நேச்சர்' இதழில் வந்த இந்தச் சிறிய கட்டுரைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. யாரும் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஆல்பம் போதுமானதாக இருந்தது.

பிறகு செயற்கைக்கோள்களும் ஆமோதித்தன. 1985 முதல் 2016 வரை ஆராயப்பட்ட துந்திரா இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பச்சை கூடியிருந்தது. பச்சை குறைந்து பழுப்பானவை ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 1979இலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருவதுதான் முதற்காரணம். மேற்கு சைபீரியாவின் யமால் பகுதியில் ரெயின்டீர் மந்தைகளை மேய்க்கும் நெனெத்ஸ் மக்கள் இதைச் செயற்கைக்கோள் இல்லாமலே கண்டுகொண்டார்கள். இடுப்பளவுகூட இல்லாத வில்லோ புதர்கள் சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. மந்தையிலிருந்து பிரிந்து புதருக்குள் போன மான் கண்ணில் படுவதில்லை. மேய்ப்பவர்களுக்கு அது விஞ்ஞானம் இல்லை, நஷ்டம். பின்லாந்தில் பணியாற்றும் புரூஸ் ஃபோர்ப்ஸும் அவருடைய சகாக்களும் அந்த வில்லோ தண்டுகளின் வளையங்களை எண்ணி, வளர்ச்சி கோடை வெப்பத்தோடு சேர்ந்து ஏறுவதை 2010இல் காட்டினார்கள்.

சரி, புதர் வந்துவிட்டது. அடியில் என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள நேரான வழி, புதரை வெட்டிப் பார்ப்பது. வடகிழக்கு சைபீரியாவில் இந்திகிர்கா ஆற்றுச் சமவெளியில், சொகுர்தாக் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள கிதாலிக் காப்பகத்தில் அதைத்தான் செய்தார்கள். கிதாலிக் என்றால் சகா மொழியில் சைபீரிய வெண்கொக்கு. பரத்பூர் சரணாலயத்துக்கு ஒரு காலத்தில் குளிர்கால விருந்தாளியாக வந்து, 2002க்குப் பிறகு வராமலே போன அதே இனம். பரத்பூருக்கு வந்த கூட்டம் மேற்கு சைபீரியாவைச் சேர்ந்தது. கிதாலிக்கில் குஞ்சு பொரிப்பவை சீனாவுக்குப் போகின்றன, இன்னும் பிழைத்திருக்கின்றன.

2007இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் பிளாக்கும் ரஷ்ய, டச்சு சகாக்களும் அங்கே 10 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களைக் குறித்தார்கள். சில வட்டங்களில் குட்டை பிர்ச் புதர்களைப் பாசி மட்டத்தோடு வெட்டி எடுத்தார்கள். பாசியைத் தொடவில்லை. மற்ற வட்டங்களை அப்படியே விட்டார்கள். பிர்ச் என்றதும் காட்டு மரம் நினைவுக்கு வரவேண்டாம். முழங்கால் உயரம்கூட வராத செடி. அடுத்த ஆண்டுக் கோடை முடிவில், வெட்டிய வட்டங்களில் மண் சராசரியாக 9 சதவீதம் அதிக ஆழத்துக்கு இளகியிருந்தது. காரணம் எளிது. அந்தக் குட்டைச் செடியின் நிழல்! நடு இரவிலும் மறையாத கோடைச் சூரியனின் நாட்டில் முழங்காலளவு நிழலுக்கும் மதிப்பு உண்டு.

அந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்ததும் செய்தித்தாள்களுக்கு நல்ல தலைப்பு கிடைத்தது: புதர்கள் உறைநிலத்தைக் காப்பாற்றக்கூடும். ஆராய்ச்சியாளர்கள் 'கோடை உருகலைக் குறைக்கலாம்' என்று அளந்துதான் சொல்லியிருந்தார்கள். 'கோடை' என்ற சொல் வழியிலேயே காணாமல் போயிற்று.

வட்டங்களை அப்படியே விட்டுவிட்டு வராமல் ஆண்டுதோறும் போய் அளந்தது அந்தக் குழுவின் பெரிய காரியம். ஐந்து ஆண்டுகளுக்குள் வெட்டிய வட்டங்களின் கதை மாறிவிட்டது. உருகிய பனிக்கட்டி தண்ணீராகி வடிந்த இடத்தில் மண் அமுங்கியது. சற்று மேடாக இருந்த இடம் பள்ளமானது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீர் கோடை வெப்பத்தைப் பிடித்து வைத்தது. குளிர்காலத்தில் பள்ளத்தில் பனி அதிகமாகக் குவிந்து, மண் குளிர்வதைத் தடுத்தது. இன்னும் உருகல், இன்னும் பள்ளம். 2015இல் வெளியான முடிவுகளில் மிகவும் உறைத்தது வேறொன்று. வெட்டுவதற்கு முன் அந்த மண் காற்றிலிருந்து சிறிதளவு மீத்தேனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சதுப்பான பிறகு மீத்தேனை வெளியே விடத் தொடங்கியது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. முழங்கால் உயரச் செடியை வெட்டியதற்கு நிலம் கொடுத்த பதில் இது. எந்தத் தட்பவெப்ப மாற்றத்துக்கும் காத்திருக்காமல், ஐந்தே ஆண்டில்.

இதிலிருந்து 'புதர் நல்லது' என்று முடிவுகட்டத் தோன்றும். அலாஸ்காவில் படமெடுத்த மேத்யூ ஸ்டர்ம் அதற்குக் குறுக்கே நிற்கிறார். அவர் பனியை ஆராய்பவர். எனவே குளிர்காலத்தைப் பார்த்தார். துந்திராவில் பனி விழுந்த இடத்தில் தங்குவதில்லை. காற்று அதை வாரிக்கொண்டு போகும். வெற்று நிலத்தில் மெல்லிய பனிதான் மிஞ்சும். கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்கும். புதர் இருந்தால் அது வேலி மாதிரி பறக்கும் பனியைப் பிடித்து நிறுத்துகிறது. பனி தடிக்கிறது. தடித்த பனி கம்பளி. மண்ணின் வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கிறது. சூடான மண்ணில் நுண்ணுயிர்கள் குளிர்காலத்திலும் வேலை செய்து சத்துக்களை விடுவிக்கும். அதைத் தின்று புதர் இன்னும் வளரும். இன்னும் பனியைப் பிடிக்கும். இது ஸ்டர்ம் வைத்த சங்கிலி.

கனடாவின் யூகான் பகுதியில் இஸ்லா மையர்ஸ்-ஸ்மித், டேவிட் ஹிக் இருவரும் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் புதர்களை வெட்டினார்கள். புதரே இல்லாத சில இடங்களில் வெட்டிய கிளைகளை நட்டு, செயற்கைப் புதர் அமைத்தார்கள். 2013இல் வெளியான அவர்களுடைய கணக்குப்படி, புதருக்கு அடியில் குளிர்காலத்தில் மண் 4 முதல் 5 டிகிரி வரை கூடுதல் சூடு. கோடையில் 2 டிகிரி குறைவு. நட்டுவைத்த உயிரற்ற கிளைகளும் அதே வேலையைச் செய்தன. ஆக, நிழலும் உண்மை, கம்பளியும் உண்மை. ஆனால் சத்துக்கள் கூடும் என்ற கண்ணிக்கு மட்டும் அவர்களுடைய இடத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்டர்மின் சங்கிலி நடுவில் சற்றுத் தளர்கிறது.

கணக்கு இதோடு முடியவில்லை. கனடாவின் வடகோடியில் பைலட் தீவில் அளந்துவந்த ஃபுளோரான் தொமினேவின் குழு 2022இல் ஒரு விசித்திரத்தைச் சொன்னது. அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை புதருக்கு அடியிலிருந்த உறைநிலம், புல் மூடிய நிலத்தைவிட 1.21 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. புதருக்கு மேலிருந்த பனி நன்றாக வெப்பத்தைத் தடுக்கும் பனிதான். அப்படியும் குளிர்ந்தது. பனிக்குள் புதைந்து கிடக்கும் கிளைகளே காரணம் என்கிறார்கள். உறைந்த மரக்கிளை பனியைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளியைத் துளைத்துக்கொண்டு போன ஊசிகள் மாதிரி அவை மண்ணின் சூட்டை வெளியே கடத்திவிடுகின்றன. வசந்த காலத்தில் இதே ஊசிகள் எதிர்க் கட்சிக்குத் தாவுகின்றன: வெயிலை உறிஞ்சி, சூட்டைக் கீழே இறக்குகின்றன.

இன்னொரு வரவுசெலவும் உண்டு. வெண்பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த கிளைகள் வசந்த கால வெயிலை வாங்கிக் காற்றையே சூடாக்குகின்றன. டேவிட் லாரன்ஸ், ஷான் ஸ்வென்சன் இருவரும் 2011இல் கம்ப்யூட்டர் மாதிரியில் கணக்குப்போட்டுப் பார்த்தார்கள். தனிப் புதருக்கு அடியில் மண் குளிர்கிறது. ஆனால் ஆர்க்டிக் முழுதும் புதர் பரவினால் காற்று சூடேறி, அந்த லாபத்தை விழுங்கிவிடுகிறது. கிதாலிக்கில் பத்து மீட்டர் வட்டத்துக்குள் சரியாக இருந்தது, ஒரு கண்டத்துக்கு விரித்தால் சரியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேறு வேறு அளவுகோல்கள், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

வளரும் புதரைப் பற்றி விஞ்ஞானிகள் வாதாடலாம். மூடியை முழுசாக இழந்த இடங்களைப் பற்றி வாதமே இல்லை. 2007 ஜூலையில் அலாஸ்காவின் வடசரிவில், அனக்துவுக் ஆற்றருகே மின்னல் விழுந்து துந்திரா தீப்பிடித்தது. வழக்கமாக ஈரமாகக் கிடக்கும் அந்த நிலம் அந்த ஆண்டு காய்ந்து கிடந்தது. அக்டோபரில் பனி விழும்வரை எரிந்து 1,039 சதுர கி.மீ. கரிந்தது. சுமார் 21 லட்சம் டன் கார்பன் காற்றில் கலந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடைசி 25 ஆண்டுகளில் உலகத்துத் துந்திரா அத்தனையும் சேர்ந்து சராசரியாக ஓராண்டில் உள்வாங்கிய அளவுக்கு இது ஈடு. ஏழு ஆண்டுகள் கழித்து லேசர் கருவி கொண்டு விமானத்திலிருந்து அளந்தபோது, எரிந்த பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நிலம் அமுங்கியிருந்தது. எரியாத, அதே மாதிரியான பக்கத்து நிலத்தில் அமுங்கல் ஒரு சதவீதம்கூட இல்லை.

இதைவிடப் பயங்கரமான சாட்சி சகா குடியரசில் பதகாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது துந்திரா அல்ல. அதற்குத் தெற்கே வரும் லார்ச் மரக்காட்டுப் பகுதி. 1960களில் அங்கே ஒரு துண்டுக் காட்டை வெட்டினார்கள். நிழல் போன இடத்தில் நிலம் உருகி, ஓடை அரித்து, சரிவு இடிந்தது. இடிந்த சுவரில் புதிய பனிக்கட்டி வெயிலுக்கு முகம் காட்டியது. அதுவும் உருகி இடிந்தது. இன்று அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்த பள்ளம், இன்னும் பெருத்துக்கொண்டிருக்கிறது. அடித்தட்டில் வெளிப்பட்டிருக்கும் உறைநிலத்தின் வயது சுமார் ஆறரை லட்சம் ஆண்டுகள். இடையில் வந்துபோன வெப்ப யுகங்களை எல்லாம் தாங்கிய பனிக்கட்டி, மரம் போனதைத் தாங்கவில்லை.

எதிர்பாராத ஒரு விருந்தாளியையும் சொல்லியாக வேண்டும். புதர் வளர்ந்த இடத்துக்குப் பீவர்கள் வருகின்றன. கிளையைத் தின்று, மிச்சத்தை அடுக்கி ஓடையில் அணை கட்டும் இந்தப் பிராணி, முன்பு துந்திராவில் அபூர்வம். இப்போது மேற்கு அலாஸ்காவின் துந்திராவில் அவை கட்டிய குளங்கள் பதினோராயிரத்துக்கும் மேல் என்று, பழைய ஆல்பத்தைத் தேடிப்பிடித்த அதே கென் டேப்பின் குழு 2022இல் எண்ணிச் சொன்னது. குளத்து நீருக்கு அடியில் உறைநிலம் உருகும். புதர் தன் நிழலால் காப்பாற்றியதைப் பீவர் ஒரே அணையில் கரைத்துவிடலாம். இதை எந்தக் கம்ப்யூட்டர் மாதிரியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் தீர்வு சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் அலட்சியப்படுத்த முடியாதவர் செர்ஜி ஸிமோவ். கொலிமா ஆற்றங்கரையில், செர்ஸ்கி ஊருக்கு அருகே 1996இல் அவர் தொடங்கிய 'பிளைஸ்டோசீன் பூங்கா'வில் யாகூத் குதிரைகளும் காட்டெருமைகளும் மேய்கின்றன. மாமத் யானைகள் திரிந்த காலத்துப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவது திட்டம். கால்நடைகள் பனியைக் கிளறி மிதித்து இறுக்கிவிட்டால் கம்பளி மெலிந்துவிடும். குளிர் உள்ளே இறங்கும். உறைநிலம் பிழைக்கும் என்பது அவருடைய வாதம். அவருடைய வேலிக்குள் அளந்தவரையில் அது பலிக்கிறது. ஆனால் கிதாலிக்கும் அதே சகா குடியரசில்தான் இருக்கிறது. அங்கே புதரை எடுத்ததும் நிலம் உட்கார்ந்துவிட்டது. பனிக்கட்டி செறிந்த தாழ்நிலத்தில் புதரை மிதித்து அழித்துவிட்டு, குளிர்காலம் வரை காத்திருக்க அவகாசம் கிடைக்குமா என்பது ஸிமோவ் பதில் சொல்லவேண்டிய கேள்வி. லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரை மிதிக்க எத்தனை லட்சம் குளம்புகள் வேண்டும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதற்காக அவரைக் கேலி செய்பவர்களும் சரியில்லை. இந்தத் துறையில் பேசுபவர்கள் பலர். வேலி போட்டுப் பார்த்தவர்கள் சிலர்.

உருகிய பள்ளம் எல்லாம் பதகாய் ஆகிவிடுவதும் இல்லை. கிதாலிக் பகுதியிலேயே பல குட்டைகளில் முதலில் கோரை முளைத்து, பிறகு ஸ்ஃபாக்னம் பாசி படர்ந்து, அடியில் மண் மறுபடி உறையத் தொடங்குவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிலத்துக்குத் தன்னைத் தைத்துக்கொள்ளும் வித்தை தெரியும். தையல் போடும் வேகத்தைக் கிழிசலின் வேகம் மிஞ்சுகிறதா என்பதுதான் தெரியவேண்டியது. காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆர்க்டிக் துந்திரா கார்பனைச் சேமிக்கும் இடம் என்ற நிலை மாறி, வெளியேற்றும் இடமாகிவிட்டது என்று அமெரிக்கக் கடல், காற்றுமண்டல நிர்வாகத்தின் ஆண்டறிக்கை 2024 டிசம்பரில் சொன்னது.

தெரிந்துகொள்ளத் தேவையான கருவி விலை உயர்ந்ததல்ல. அளவு குறித்த ஓர் இரும்புக் கம்பி. கோடை முடிவில் மண்ணில் குத்த வேண்டும். பனிக்கட்டியில் முட்டி நிற்கும் ஆழத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி. கிதாலிக்கின் 9 சதவீதம் இப்படிக் குத்திக் கிடைத்ததுதான். உலகின் உறைநிலத்தில் பெரும் பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது; அடுத்த மாதம் ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவுடன் கூட்டு வேலையை நிறுத்தின. மேலை நாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் சைபீரியாவுக்குப் போவதில்லை. ஆய்வு நிலையங்களுக்கு இடையே புள்ளிவிவரப் பரிமாற்றம் அறுந்து கிடக்கிறது. ரஷ்ய நிலையங்களை விட்டுவிட்டு ஆர்க்டிக்கைக் கணக்கிட்டால் எவ்வளவு பிசகும் என்று 2024இல் ஒரு குழு ஆராய்ந்தது. சில அளவைகளில் அந்தப் பிசகு, இந்த நூற்றாண்டு முடிவுக்குள் தட்பவெப்ப மாற்றத்தால் நேரும் என்று எதிர்பார்க்கும் மாறுதலுக்கே சமமாக வந்தது.